அட்டையின் அகலம்

டுலூத் நகரின் ஏரிக்கரைச் சாலையில்
மூன்றாண்டுக் குத்தகை முடிந்து திரும்பும் கார்களை
முதலில் தொடுகிறவன் நான்.
சட்டைப்பையில் ஒரு பிளாஸ்டிக் அட்டை.
அதன் அகலத்துக்குள் அடங்கும் கீறலுக்கு மன்னிப்பு.
அடங்காததற்கு விலை.

வியாழக்கிழமை ஒரு வெள்ளைக் கார் வந்தது.
கொண்டுவந்தவள் மரீட் தோர்சன், வீடு வீடாகப் போகும் நர்ஸ்.
பின்கதவின் உட்புறம் முழுக்க நாய் பிறாண்டிய கோடுகள்.
அட்டையை வைத்துப் பார்த்தேன். பெரிய நாய்.
"பிப்ரவரியில் செத்துப்போச்சு" என்றாள்,
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருப்பதுபோல.
பேசிய தூரத்தைவிட நாலாயிரத்துச் சொச்சம் மைல் கூடுதல்,
மைலுக்கு இருபத்தைந்து சென்ட்.
எழுதினேன். கையெழுத்துப் போட்டாள்.
சாவியைக் கொடுத்துவிட்டு வெகுநேரம் வாசலில் நின்றாள்,
இனி எப்படி வீட்டுக்குப் போவது என்று
அப்போதுதான் தோன்றியவள்போல.

எனக்கும் கார் இல்லை.
பழையது நவம்பரில், பாலத்தின் நடுவில், மூச்சை விட்டது.
மேலாளர் ரோஸ்கோ கூப்பிட்டுச் சொன்னார்:
"ஆர்வில், உனக்கு ஊழியர் விலை. மாதம் இருநூற்று எழுபத்தொன்பது.
சூடேறும் இருக்கை, சூடேறும் ஸ்டியரிங்.
மூன்று வருஷம் எதுவும் உடையாது.
உடைந்தால் அது எங்கள் பாடு."
பொய்யில்லை. அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.
மைனஸ் இருபத்தாறில், விடியாத காலையில்,
கிளம்பாத இஞ்சினிடம் கெஞ்சியவனுக்குள்
அந்த வார்த்தைகள் வெந்நீராக இறங்கும்.

இரவு, சமையலறை மேசையில் கணக்கு.
முப்பத்தாறு மாதத்துக்குப் பத்தாயிரத்து நாற்பத்து நாலு டாலர்.
கடைசியில் மிஞ்சுவது சாவியை நீட்டிய கை.
மறுபக்கம், காப்பி டப்பாவில் ஆறாயிரத்து இருநூறு, ரொக்கம்.
அதற்குக் கிடைப்பது வேறு யாரோ பட்ட களைப்பு.
டிரான்ஸ்மிஷன் போனால் மூவாயிரம்.
டைமிங் செயினை நான் எழுதவேயில்லை, பயம்.
கூட்டிப் பார்த்தால்
இரண்டு பத்தியும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன.
பேனாவைத்தான் திட்டினேன்.

சனிக்கிழமை பஸ் பிடித்து, அதே பாலம் தாண்டி, சுப்பீரியர்.
இர்மா லாக்சோவின் முற்றத்தில் ஒரு பச்சை ப்யூக்,
ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரம் மைல்.
கை தானாகவே அட்டையை எடுத்துவிட்டது.
"என்ன அது?"
"பழக்கம்."
கூடவே நடந்து வந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்:
இது மான். இது என் அண்ணனின் லாரி.
இது என்னவென்றே தெரியாது, ஒருநாள் காலையில் இருந்தது.
நாற்பத்தொரு சொட்டை என்றேன்.
"அத்தனையும் இலவசம்" என்றாள்.

பனியில் மல்லாந்து படுத்து
மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் அடிவயிற்றில் டார்ச் அடித்தேன்.
துரு, அட்டையைவிடப் பெரிது.
ஐந்நூறு குறைத்தாள்.
மூடியின்மேல் நோட்டுகளை எண்ணும்போது காற்று வீசியது.
ஒரு இருபது டாலர் பறந்தது.
இருவரும் ஓடினோம்.
அவள்தான் பூட்ஸால் மிதித்துப் பிடித்தாள்,
மிதித்தபடியே கேட்டாள்: "இது யாருடையது?"
நான் யோசிக்க வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில், பாலத்தின் நடுவில்,
இஞ்சின் விளக்கு எரிந்தது, மஞ்சளாக.
ஸ்டியரிங்கைத் தட்டினேன், ஜில்லென்றிருந்தது.
விளக்கு அணையவில்லை. வண்டியும் நிற்கவில்லை.
ஹீட்டர் இடப்பக்கம் மட்டும் ஊதியது.
ஒரு முழங்கால் சூடாக வீடு சேர்ந்தேன்.

ஞாயிறு காலை கண்ணாடி முழுக்க உறைபனி.
சுரண்டி வாங்க மறந்திருக்கிறேன்.
சட்டைப்பையைத் தடவினேன்.
பாதி கண்ணாடி தெளிந்தபோது
குளிருக்குப் படக்கென்று ஒடிந்தது அட்டை.
நாளை ரோஸ்கோவிடம் புதிது கேட்க வேண்டும்.
எதற்கு என்று கேட்பார்.